கோதுமை பீர்: ஈஸ்ட் தூவி ஒன்றரை நாள் ஆகியும் குமிழி வரவில்லை என்றால்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கிறீர்கள். ஒன்றரைக் கிலோ டப்பா இரண்டு வாங்கி, அந்தக் கோதுமை மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் (முளைகட்டிய தானியத்தின் கெட்டிப் பாகில்) 20 லிட்டர் பீர் காய்ச்சி வாளியில் ஊற்றியிருக்கிறீர்கள். டபிள்யூபி-06 என்ற கோதுமை பீர் உலர் ஈஸ்ட், 11.5 கிராம் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அப்படியே மேலே தூவினீர்கள். வாளி நிலவறையின் சிமெண்டுத் தரையில் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒட்டிய தெர்மாமீட்டர் 16 டிகிரி காட்டுகிறது. 36 மணி நேரம் கடந்தும், மூடியில் செருகிய நீர் நிரப்பிய வாயுக்குழாயான ஏர்லாக்கில் ஒரு குமிழிகூட இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா, இன்னொரு பொட்டலம் போடலாமா, கிளறிவிடலாமா, ஹீட்டர் பக்கம் நகர்த்தலாமா என்று நான்கு கேள்விகள்.

ஈஸ்ட் சாகவில்லை என்றே நினைக்கிறேன். குளிரில் மந்தமாக இருக்கிறது. வாளியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், 20 டிகிரிக்கு மெல்லக் கொண்டுவாருங்கள், அடர்த்தி அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரால் ஒருமுறை அளந்து பாருங்கள். ஈஸ்ட் தூவியதிலிருந்து 72 மணி நேரம் ஆகும்வரை உள்ளே எதையும் போடாதீர்கள், கிளறாதீர்கள். ஹீட்டர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மற்ற பீர்களுக்குச் சொல்லப்படும் அவசர வைத்தியங்கள் கோதுமை பீருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஏன் என்று தெரிந்தால் அடுத்த முறை இந்தப் பதற்றமே இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வருகின்றன. வாழைப்பழமும் சேர்ப்பதில்லை, கிராம்பும் சேர்ப்பதில்லை. இரண்டும் ஈஸ்ட் செய்யும் வேலை. வாழைப்பழ மணத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர், அதாவது பழவாசனை தரும் ஒரு வேதிப்பொருள். ஈஸ்ட் பல்கிப் பெருகும் கட்டத்தில்தான் அதன் கணிசமான பகுதி உருவாகிறது. கிராம்பு மணம் 4-வினைல்குவாயகால் என்ற பொருளிலிருந்து வருகிறது. தானியத்தில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் சிதைக்கும்போது இது கிடைக்கிறது. சாதாரண ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர்) ஈஸ்ட் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டாவது திறமை கிடையாது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு இந்தப் பீரில் மிகக் குறைவு. கசப்பு அலகில் 10 முதல் 15 வரைதான். ஆக, குடிக்கும்போது நாவும் மூக்கும் உணர்வதில் பெரும்பங்கு ஈஸ்ட் முதல் இரண்டு மூன்று நாளில் செய்துவைத்தது. அந்த நாட்களில்தான் நீங்கள் வாளியைத் திறந்து ஏதாவது செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

1516ஆம் ஆண்டின் பவேரிய ஆணை, பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத்தான் அனுமதித்தது. ஈஸ்ட் பற்றி அதில் பேச்சில்லை, கோதுமைக்கு இடமில்லை. டேகன்பெர்க் பிரபுக் குடும்பம் மட்டும் தனிச்சலுகை பெற்றுக் கோதுமை பீர் காய்ச்சிவந்தது. 1602இல் அந்த வம்சம் அற்றுப்போனதும் கோமகன் முதலாம் மாக்சிமிலியான் உரிமையைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். 1872இல் கியோர்க் ஷ்னைடர் அரசரிடமிருந்து அனுமதி பெற்றபிறகுதான் இந்தப் பீர் மெதுவாகத் தனியார் கைக்கு வந்தது. இன்று ஜெர்மனியில் கோதுமை பீர் என்று விற்க வேண்டுமானால் மால்ட்டில் பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும். உங்கள் டப்பாவிலும் கோதுமையோடு பார்லி மால்ட் கலந்திருக்கும். அது கலப்படம் அல்ல, செய்முறையே அப்படித்தான்.

சரி, ஏர்லாக்குக்கு வருவோம். புதிதாகப் பீர் காய்ச்சுபவர்களைப் படாதபாடு படுத்துவது இந்தச் சின்னப் பிளாஸ்டிக் குழாய்தான். அது வாயுவை வெளியே விடவும் வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுக்கவும் வைத்த சாதனம். நொதித்தல் நடக்கிறதா என்று சொல்வது அதன் வேலை அல்ல. பிளாஸ்டிக் வாளியின் மூடி ஓரிடத்தில் சரியாகப் பொருந்தாமல் இருந்தாலே போதும், வாயு அந்த வழியாகப் போய்விடும். ஏர்லாக்கில் நீர் அசையாது. இதைச் சோதிப்பது எளிது. மூடியின் நடுவே விரலால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். ஏர்லாக்கின் நீர்மட்டம் ஒரு பக்கம் ஏறி, நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும்போதே தானாகச் சமநிலைக்குத் திரும்பினால் எங்கோ கசிகிறது. அழுத்தும்வரை ஏறியபடியே நின்றால் மூடி சரியாக இருக்கிறது. கசிந்தாலும் பெரிய ஆபத்தில்லை. நொதித்தல் வேகம் பிடித்தபின் வாயு உள்ளிருந்து வெளியேதான் தள்ளும்.

மூடி சரியாகவே இருந்தாலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு நீரில் நன்றாகக் கரையும். 16 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 1.9 கிராம் கரைந்து நிற்கும். உங்கள் 20 லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் 38 கிராம். 100 கிராம் குளுக்கோஸிலிருந்து ஈஸ்ட் 49 கிராம் அளவுக்கு இந்த வாயுவைத் தரும். எனவே கிட்டத்தட்ட 80 கிராம் சர்க்கரையைத் தின்று தீர்க்கும்வரை வாயுவின் பெரும்பகுதி பீருக்குள்ளேயே தங்கிவிடலாம். கணக்கு தோராயமானது, கொஞ்சம் வாயு அதற்கு முன்பே மேலே கசியும், வாளியின் மேற்பகுதியில் உள்ள காலியிடத்தில் போய் நிற்கும். விஷயம் என்னவென்றால், வெளியே எந்த அடையாளமும் இல்லாமலே நொதித்தல் தொடங்கியிருக்க முடியும். குளிர் கூடக்கூட இந்த மௌன காலம் நீளும். ஏனென்றால் குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும், ஈஸ்டும் மெதுவாக வேலை செய்யும்.

ஈஸ்ட் தூவும்போது உங்கள் சாறு, அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் கரைசல், கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்து பிறகு 16க்கு இறங்கியிருந்தால் இன்னொரு குழப்பமும் சேரும். உள்ளே காற்று சுருங்கும்; ஏர்லாக்கின் நீர் உள்பக்கமாக இழுபட்டு நிற்கும். அதைப் பார்த்து "ஏதோ தலைகீழாக நடக்கிறது" என்று பயப்பட வேண்டாம். வெறும் வெப்ப மாற்றம்.

ஆகவே அளக்க வேண்டியது ஒப்படர்த்தியை, அதாவது நீரை 1.000 என்று வைத்தால் சாறு எவ்வளவு அடர்த்தி என்பதை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அது இறங்கும். நீங்கள் தொடக்க அளவைச் சொல்லவில்லை. திரவ மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் ஒரு கிலோவை ஒரு லிட்டராகக் கரைத்தால் ஏறத்தாழ 300 புள்ளி (1.045 என்றால் 45 புள்ளி) என்பது பீர் காய்ச்சுபவர்களின் வழக்கமான கணக்கு. 3 கிலோ என்றால் 900; அதை 20ஆல் வகுத்தால் 45. எனவே உங்கள் சாறு 1.045இல் தொடங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை நம்புங்கள். அன்றைக்கு ஹைட்ரோமீட்டரில் பார்த்திருந்தாலும் அந்த அளவைவிட இதையே நம்பலாம். எக்ஸ்ட்ராக்ட்டைக் கொஞ்சம் நீரில் காய்ச்சி, மீதி நீரை வாளியில் ஊற்றிக் கலக்கும்போது அடர்ந்த சாறு அடியில் தங்கிவிடும். வாளியின் அடிக்குழாயில் பிடித்து அளந்தால் 1.055 காட்டும், மேலிருந்து முகந்தால் 1.038 காட்டும். அடுத்த நாள் கலந்து சமமானபின் மறுபடி அளந்து, ஈஸ்ட் பத்துப் புள்ளி தின்றுவிட்டது என்று மகிழ்பவர்களும் உண்டு, அளவு ஏறிவிட்டதே என்று திகைப்பவர்களும் உண்டு.

கிருமிநாசினியில் நனைத்த குழாயாலோ கரண்டியாலோ சுமார் 100 மில்லி எடுத்து ஹைட்ரோமீட்டர் சாடியில் ஊற்றுங்கள். சாடியைச் சற்றே சுழற்றி வாயுவை வெளியேற்றுங்கள்; மிதவையில் குமிழிகள் ஒட்டினால் அளவு கூடக் காட்டும். உங்கள் கருவி 20 டிகிரிக்குச் சரிசெய்யப்பட்டது என்றால் 16 டிகிரியில் அது ஒரு புள்ளிக்கும் குறைவாகவே கூடக் காட்டும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 1.042 அல்லது அதற்குக் கீழே வந்தால் நொதித்தல் நடக்கிறது, வாளியை மூடிவிட்டுப் போய்ப் படுக்கலாம். 1.045 அல்லது 1.044இல் இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது தொடங்கி மேலே சொன்ன மௌன காலத்தில் இருக்கிறது. இரண்டையும் ஹைட்ரோமீட்டரால் பிரித்தறிய முடியாது. அளந்த சாற்றைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள். முகர்ந்து பாருங்கள், குடித்துப் பாருங்கள். இனிப்பாக, ரொட்டி வாசனையோடு இருந்தால் கவலையில்லை. மூடியைத் திறந்தபோது பரப்பில் மெல்லிய வெண்படலமோ தீவு தீவாக நுரையோ தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது, அளக்கவே வேண்டாம்.

இப்போது காரணங்கள். உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் வெப்பநிலை மீதுதான். கோதுமை பீருக்கான உலர் ஈஸ்ட் வகைகளுக்கு 17, 18 டிகிரியிலிருந்து 25, 26 வரை என்பதுதான் தயாரிப்பாளர்கள் தரும் எல்லை. 16 அதற்கு வெளியே. தெர்மாமீட்டர் வாளியின் நடுவில் ஒட்டியிருக்கிறது. சிமெண்டுத் தரையைத் தொடும் அடிப்பகுதி அதைவிடக் குளிர்ந்திருக்கும். தூவிய ஈஸ்டில் பெரும்பகுதி நனைந்தபின் போய்த் தங்குவதும் அடியில்தான். நொதித்தல் வேகம் பிடித்துவிட்டால் அது தானே சூடு உண்டாக்கும், சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி மேலேகூடப் போகும். அந்தத் தொடக்கத்துக்குத்தான் வெளியிலிருந்து சூடு தேவைப்படுகிறது. ஒரு மரப்பலகையின் மேலோ தடித்த அட்டையின் மேலோ வாளியைத் தூக்கி வைத்து, பழைய போர்வையைச் சுற்றுங்கள். வீட்டுக்குள் 20 டிகிரி உள்ள அறை இருந்தால் அங்கே கொண்டுபோவது இன்னும் நல்லது. 20 லிட்டர் திரவம் 16இலிருந்து 20க்கு வர நேரம் எடுக்கும். அந்த மெதுவான ஏற்றம் ஈஸ்டுக்கும் நல்லது.

ஹீட்டர் பக்கம் ஏன் கூடாது என்றால், 26, 28 டிகிரியில் தொடங்கும் நொதித்தலில் எஸ்டர்களோடு கூடவே உயர் ஆல்கஹால்களும் அதிகம் உருவாகும். பெயிண்ட் கரைப்பான் போன்ற காரவாடை அவற்றின் கொடை. வாழைப்பழம் வேண்டும் என்பதற்காகச் சூட்டை ஏற்றுபவர்கள் உண்டு. குளிராக நடத்தினால் கிராம்பு முன்னிற்கும், சூடாக நடத்தினால் வாழைப்பழம் முன்னிற்கும் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு 22, 23 போதும். 20இல் தொடங்கினால் அது தன் சூட்டிலேயே அங்கே போய்ச் சேரும்.

இரண்டாவது சந்தேகம் ஈஸ்டின் உடல்நிலை. உலர் ஈஸ்ட் பற்றி ஒரு பழைய ஏளனம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1970கள், 80களில் வீட்டுப் பீர்க்காரர்களுக்குக் கிடைத்த பொட்டலங்கள் பலவும் மோசம், பாக்டீரியாவும் கலந்திருக்கும். அந்த நினைவு திரவ ஈஸ்ட்தான் உயர்ந்தது என்ற எண்ணமாக நின்றுவிட்டது. இன்று நிலைமை வேறு. தொழிற்சாலையில் நிறையக் காற்றோட்டத்தோடு வளர்த்து, செல்லுக்குள் ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளும், கிளைக்கோஜன், ட்ரெஹலோஸ் என்ற சேமிப்புச் சர்க்கரைகளும் சேர்ந்தபிறகே உலர்த்துகிறார்கள். செல் உறையைக் கட்ட வேண்டிய ஸ்டெரால் ஏற்கெனவே இருப்பில் இருப்பதால், உலர் ஈஸ்டை முதல்முறை பயன்படுத்தும்போது சாற்றில் ஆக்சிஜன் ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் கிளறலாமா என்று கேட்டதற்கு இதுவே பாதி பதில்.

ஆனால் உலர்ந்த செல்லுக்கு ஒரு கண்டம் உண்டு: நனையும் அந்த முதல் சில நிமிடங்கள். உலர்ந்து சுருங்கிய செல் உறைக்கு, எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற கட்டுப்பாடு அப்போது இருக்காது. வெதுவெதுப்பான வெறும் நீரில் நனைந்தால் உறை விரைவில் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். குளிர்ந்த திரவத்தில் நனைந்தால் உள்ளே இருப்பது வெளியே கசியும். சர்க்கரை செறிந்த திரவமானால் மீள்வது கூடுதல் சிரமம். இதனால்தான் பல ஆண்டுகளாக, ஈஸ்டின் எடையைப் போலப் பத்து மடங்கு நீரை 30 முதல் 35 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் 15 நிமிடம் ஊறவைத்து, பிறகு சாற்றின் வெப்பத்துக்குப் படிப்படியாகக் கொண்டுவந்து ஊற்றச் சொன்னார்கள். அண்மை ஆண்டுகளில், உங்கள் ஈஸ்டைத் தயாரிக்கும் ஃபெர்மென்டிஸ் உள்ளிட்ட தயாரிப்பாளர்களே, நேராகத் தூவினாலும் பரவாயில்லை என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அனுமதி, சரியான வெப்பநிலையில் உள்ள சாற்றையும் நன்றாகப் பாதுகாத்த பொட்டலத்தையும் மனத்தில் வைத்துச் சொன்னது. 16 டிகிரிச் சாற்றில் தூவுவது அந்த அனுமதியைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது. என் வழக்கத்தைக் கேட்டால், சாறு 20க்கு மேலே இருந்தால் தூவுவேன், கீழே இருந்தால் ஊறவைப்பேன்.

தூவியதில் பாதி செல்கள் செத்திருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஈஸ்ட் இரட்டிப்பாகிப் பெருகுகிறது. பாதி போய்விட்டால் இழந்ததை ஈடுகட்ட ஒரே ஒரு இரட்டிப்பு போதும். சரியான வெப்பத்தில் அதற்குச் சில மணி நேரம்தான். எட்டில் ஏழு பங்கு செத்திருந்தால்கூட மூன்று இரட்டிப்பில் சமமாகிவிடும். எனவே நேராகத் தூவியது மட்டுமே ஒன்றரை நாள் தாமதத்தை விளக்காது. குளிர் இரட்டிப்பின் நேரத்தை நீட்டுகிறது. இரண்டும் சேரும்போதுதான் இவ்வளவு நேரமாகிறது. அளவைப் பொறுத்தவரை நீங்கள் தவறவில்லை. இந்த ஈஸ்டுக்கு 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். 20 லிட்டருக்கு 10 முதல் 16 கிராம். உங்கள் 11.5 கிராம் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தாலும் உள்ளேதான் இருக்கிறது.

இதை டப்பா மூடிக்கடியில் இலவசமாக வைத்துத் தரும் 5, 7 கிராம் பொட்டலங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை கடை அலமாரியின் சூட்டில் எத்தனை மாதம் கிடந்தன என்று யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் எந்த வகை ஈஸ்ட் என்றும் எழுதியிருக்காது. கோதுமை பீர் டப்பாவோடு வந்தாலும் அது கோதுமை பீர் ஈஸ்டாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தனியாக வாங்கும் பொட்டலத்திலும் தேதியைப் பாருங்கள். காற்றுப்புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டிய உறை உப்பியோ தளர்ந்தோ இருந்தால் வாங்காதீர்கள். வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவற்றுக்கு வாய்ப்புக் குறைவு. காய்ச்சிய சாறு நன்றாக ஆறுவதற்குள் தூவியிருந்தால், அதாவது 40 டிகிரிக்கு மேல், ஈஸ்ட் பெருமளவு செத்திருக்கும். குளோரின் கலந்த கிருமிநாசினியை வாளியில் அலசாமல் விட்டிருந்தாலும் அப்படியே. மால்ட்டைக் குறைத்துச் சர்க்கரையை நிறையச் சேர்த்திருந்தால் ஈஸ்டுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் பற்றாது. முழுவதும் மால்ட் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொரு பொட்டலம் போடலாமா என்ற கேள்விதான் முக்கியமானது. நொதித்தல் கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கியிருக்கும்போது அதே ஈஸ்டை இன்னும் 11.5 கிராம் போட்டால் பீர் கெட்டுவிடாது. கொஞ்சம் காசு வீண். ஆனால் செல்கள் ஏற்கெனவே நிறைய இருப்பதால் பெருக்கம் குறையும். வாழைப்பழ மணமும் மட்டுப்படலாம். கோதுமை பீருக்கு வேண்டுமென்றே ஈஸ்டைக் குறைத்துப் போடுபவர்கள் இருப்பது இதனால்தான். அதைவிடப் பெரிய ஆபத்து, கையில் கிடைத்த வேறு ஈஸ்டைப் போடுவது. கடையில் எப்போதும் கிடைப்பது யுஎஸ்-05 போன்ற அமெரிக்க ஏல் ஈஸ்ட். அது நல்ல ஈஸ்ட்தான். ஆனால் அதற்குக் கிராம்பு மணம் தரும் திறமை கிடையாது, வாழைப்பழ மணமும் சொற்பம். நன்றாக ஊறிய புது ஈஸ்ட், குளிரில் தடுமாறும் பழைய ஈஸ்டை முந்திக்கொண்டு சாற்றைத் தின்றுவிடும். முடிவில் உங்களுக்குக் கிடைப்பது கலங்கலான, கோதுமை பீர் வாசனை இல்லாத ஒரு பீர். ரொட்டி ஈஸ்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது பீருக்காகத் தூய்மைப்படுத்தப்பட்டது அல்ல.

கிளறுவதைப் பற்றி மீதிப் பாதி பதில்: அடியில் தங்கிய ஈஸ்டை மேலே எழுப்ப வேண்டும் என்றால் மூடியைத் திறக்காமல், வாளியின் விளிம்பைப் பிடித்துச் சுழற்றுவதுபோல் மெதுவாக ஆட்டுங்கள். சூடு ஏறியபின் ஒருமுறை இதைச் செய்வதில் நன்மை உண்டு. கரண்டி விட்டுக் காற்றோடு சேர்த்து அடிப்பதில் இந்தக் கட்டத்தில் தீமையே அதிகம்.

இவ்வளவு சொன்னாலும் தாமதம் முற்றிலும் தீங்கற்றது அல்ல. ஈஸ்ட் வேலையைத் தொடங்கும்வரை சாற்றின் பி.எச். 5.2, 5.5 என்ற அளவில் நிற்கிறது; இனிப்பும் சத்தும் நிறைந்த அந்தத் திரவம் பாக்டீரியாவுக்கு விருந்து. நொதித்தல் தொடங்கினால் பி.எச். 4.5க்கும் கீழே இறங்கும், ஆல்கஹால் சேரும், ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதன்பின் பெரும்பாலான கிருமிகளுக்கு இடமில்லை. மற்ற பீர்களில் ஹாப்ஸின் கசப்பு லாக்டிக் அமில பாக்டீரியாக்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும். கோதுமை பீரில் அந்தக் காவலும் மெலிது. அதனால் உங்கள் வாளியும் கரண்டியும் எவ்வளவு சுத்தமாக இருந்தன என்பதே காத்திருக்க முடியுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். இந்த நேரத்தில் தேவையில்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகவே. அளக்கும்போது வேகவைத்த முட்டைக்கோஸ் வாடையோ அழுகிய காய்கறி வாடையோ வந்தால் வேறு ஏதோ முந்திக்கொண்டது என்று அர்த்தம். அந்தச் சாற்றைக் கொட்டிவிடுங்கள்.

வாடை சரியாக இருந்து, 20 டிகிரியில் வைத்தும், தூவி 72 மணி நேரம் கழித்தும் ஒப்படர்த்தி 1.045ஐ விட்டு அசையவில்லை என்றால் அப்போது புதுப் பொட்டலம். அதே வகை ஈஸ்ட், அல்லது மியூனிக் கிளாசிக் போன்ற வேறொரு கோதுமை பீர் ஈஸ்ட். இந்த முறை கட்டாயம் ஊறவையுங்கள்: காய்ச்சி ஆறிய சுமார் 120 மில்லி நீர், 30 டிகிரி, கொதிக்கவைத்த கண்ணாடிக் குவளை. காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், குழாய் நீரே நல்லது; நனையும் செல்லுக்கு அதில் உள்ள தாதுக்கள் உதவும். 15 நிமிடம் கழித்து மெதுவாகக் கலக்கி, வாளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றை எடுத்து அதில் சேர்த்து, இரண்டுக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாதபோது ஊற்றுங்கள். ஊறும்போது நுரை பொங்கவில்லை என்று பயப்படாதீர்கள். வெறும் நீரில் பீர் ஈஸ்ட் நுரைக்க வேண்டிய கட்டாயமில்லை. பசைபோல் கரைந்தால் போதும்.

இடையில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் சொந்தப் பயன்பாட்டுக்குக் குறிப்பிட்ட அளவு வரை வரியில்லாமல் பீர் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஊருக்கு ஊர் சட்டம் வேறு, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் எதிர்பார்ப்பது, வாளியை நகர்த்திய அடுத்த நாளே நிலைமை தலைகீழாக மாறும் என்பது. கோதுமை பீர் ஈஸ்ட் மேலே எழும்பி நொதிக்கும் வகை. நுரை தடித்து, பழுப்பு வழிய, மூடியை முட்டும். ஏர்லாக்கில் நுரை புகுந்து அடைத்துக்கொண்டால் அழுத்தம் சேர்ந்து மூடி தெறித்துச் சுவர் முழுக்கப் பீராகும். போர்வை சுற்றிய கையோடு ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் விரல் பருமன் உள்ள குழாயைச் செருகி, மறுமுனையைக் கிருமிநாசினி உள்ள ஜாடியில் மூழ்கவைத்துவிடுங்கள். நுரை அடங்கியபின் ஏர்லாக்கை மாட்டிக்கொள்ளலாம். நுரை தெரிந்தவுடன் போர்வையையும் எடுத்துவிடுங்கள். இனி சூடு தானே வரும்.

பாட்டிலில் அடைக்கும்போதும் இந்தத் தாமதம் ஞாபகத்தில் இருக்கட்டும். டபிள்யூபி-06 டயாஸ்டாடிகஸ் என்ற வகையைச் சேர்ந்தது. சாதாரண ஈஸ்ட் தொடாத நீளமான சர்க்கரைச் சங்கிலிகளையும் இது நொதியால் வெட்டி மெதுவாகத் தின்னும். அதனால் 1.012இல் வந்து நின்றதுபோல் தோன்றினாலும் முடிந்துவிடவில்லை, 1.010க்கும் கீழே போகக்கூடியது. பாட்டிலுக்குள் நான்கு புள்ளி சர்க்கரை மிச்சம் இருந்தால் அதுவே இரண்டு பங்கு வாயுவைக் கூடுதலாகச் சேர்த்துவிடும். அதாவது, பீரின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு. கோதுமை பீருக்கு நாம் வேண்டுமென்றே வைக்கும் வாயுவே மூன்று, மூன்றரைப் பங்கு. இரண்டையும் கூட்டினால் சாதாரண பீர் பாட்டில் தாங்காது. முதல்முறை என்பதால், பாட்டிலுக்குள் வாயு உண்டாகச் சேர்க்கும் சர்க்கரையை 20 லிட்டருக்கு 160 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே கோதுமை பீர் வரும் கனத்த அரை லிட்டர் பாட்டில்களையே கழுவிப் பயன்படுத்துங்கள். மெல்லிய பாட்டில் வேண்டாம். நாள்காட்டியைப் பார்த்து அடைக்காதீர்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரே எண் வர வேண்டும். அந்த எண் 1.010க்கு மேலே இருந்தால், 22 டிகிரியில் இன்னும் ஒரு வாரம் விட்டு, மறுபடி அளந்தபின் அடையுங்கள்.